"யாரு கீறினா?" என்று கேட்பதற்கு முன்: பிள்ளையிடம் நடந்ததைக் கேட்பது எப்படி

ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். என் மகனுக்கு அப்போது நாலரை வயது. பள்ளி வேனிலிருந்து இறங்கி வந்தவனுக்குச் சட்டையைக் கழற்றும்போதுதான் பார்த்தேன், இடது முன்கையில் ஒரு விரல் நீளத்துக்குக் கீறல். ஓரத்தில் ரத்தம் காய்ந்திருந்தது.

"என்னல இது?"

"கீறிருச்சு."

"யாரு கீறினா?"

பதில் இல்லை.

"பக்கத்துல உக்காந்திருக்கானே, அவனா?"

தலையை ஆட்டினான்.

"எதுக்குக் கீறினான்? பென்சில் கேட்டானா?"

"ம்."

அவ்வளவுதான் பேச்சு. ராத்திரி சாப்பிடும்போது ஆச்சியிடம் அவனே சொன்னான்: "பென்சில் கேட்டான், நான் தரல, நகத்தால கீறிட்டான்." நகம் என்ற வார்த்தை என் வாயிலிருந்து வரவே இல்லை. மறுநாள் வெளியூரிலிருந்த அப்பாவிடம் போனில் பேசும்போது கீறல் இரண்டு தடவை ஆகியிருந்தது, "டீச்சர் பாக்கல" என்பதும் சேர்ந்திருந்தது. வியாழக்கிழமை நான் பள்ளிக்குப் போய்ப் புகார் சொன்னேன். அந்தப் பையனைக் கடைசி பெஞ்சுக்கு மாற்றினார்கள், அவன் அம்மாவைக் கூப்பிட்டுப் பேசினார்கள். பத்து நாள் கழித்து வேனில் வரும் ஆயா கேட்டார்: "தம்பிக்குக் காயம் ஆறிருச்சாக்கா? வேன் கதவுக் கம்பி கீறிருச்சு. நான்தான் தேங்கா எண்ண தடவி விட்டேன்."

நான் தொடக்கப் பள்ளி ஆசிரியை. பத்தொன்பது வருடமாகச் சின்னப் பிள்ளைகளிடம் "யாரு பண்ணினா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன். ஆயா சொன்ன அன்று ராத்திரி, வகுப்பில் இதுவரை எத்தனை பிள்ளைகளிடம் இப்படிக் கேட்டு எத்தனை பிள்ளைகளை முட்டி போட வைத்திருப்பேன் என்ற கணக்கு மனதை விட்டுப் போகவில்லை. பிறகு தபால் வழியில் உளவியல் படித்தேன். அங்கே படித்ததிலும் வீட்டிலும் வகுப்பிலும் செய்து பார்த்ததிலும் பிள்ளை வளர்க்கிறவர்களுக்கு உதவக்கூடியதை இங்கே எழுதுகிறேன்.

பாடப் புத்தகங்கள் இதைப் பொய் நினைவு, போலி நினைவு என்கின்றன. பொய் என்ற சொல்லை வைக்க எனக்கு மனம் வரவில்லை. என் மகன் பொய் சொல்லவில்லை, அவனுக்கு அது நடந்த மாதிரியேதான் இருந்தது. நடக்காத நினைவு என்றே சொல்கிறேன்.

முதல் பதிலை அப்படியே பிடித்து வையுங்கள்

அவன் முதலில் சொன்னது "கீறிருச்சு". அதில் ஆள் இல்லை. தமிழில் வினைச்சொல்லின் வாலைப் பார்த்தாலே செய்தது ஆளா பொருளா என்று தெரியும். கம்பி கீறினால் "கீறிருச்சு", பையன் கீறினால் "கீறிட்டான்". நாலரை வயதுப் பிள்ளை உண்மையைச் சரியான இலக்கணத்தோடு என் கையில் கொடுத்துவிட்டான். நான்தான் "யாரு" என்று கேட்டு அதற்குள் ஓர் ஆளை நுழைத்தேன்.

ஆகவே முதல் வேலை, முதல் வாக்கியத்தை அவர்கள் சொன்ன பேச்சு வழக்கிலேயே, தேதி நேரத்தோடு எழுதி வைப்பது. எந்தக் கேள்விக்கு அந்தப் பதில் வந்தது என்பதையும் எழுதுங்கள். வீட்டுக் காலண்டரின் பின்பக்கம் போதும். "என் மகன் கையில் யாரோ கீறியதாகச் சொன்னான்" என்று நல்ல தமிழில் எழுதிவிட்டால் அந்த ஒற்றை வால் போய்விடும்.

இதே மாதிரி இன்னொரு பொறி "அடிச்சாங்க". நம் பேச்சில் அது மரியாதைக்குரிய ஒருவராகவும் இருக்கலாம், நாலைந்து பிள்ளைகளாகவும் இருக்கலாம். பிள்ளை சேர்ந்து விளையாடியவர்களைச் சொல்லியிருக்கும், அம்மா டீச்சர் என்று எடுத்துக்கொள்வார். "எந்த டீச்சர்?" என்று கேட்ட நொடியில் கதையில் டீச்சர் வந்தாயிற்று. அதற்குப் பதில் "அடிச்சாங்கன்னு சொன்னியே, அதைச் சொல்லு" என்று பிள்ளையின் சொல்லையே திருப்பிக் கொடுங்கள்.

கேட்பதற்கு நம்மிடம் ஓர் அருமையான கேள்வி ஏற்கெனவே இருக்கிறது: "என்ன ஆச்சு?" அந்த "ஆச்சு"வில் ஆளும் இல்லை, குற்றமும் இல்லை. அதற்கடுத்து "அப்புறம்?" அதற்கடுத்து "இன்னும் கொஞ்சம் சொல்லு". இந்த மூன்றை மட்டும் வைத்து எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போங்கள். இடையில் பிள்ளை சும்மா இருந்தால் நீங்களும் சும்மா இருங்கள். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். எனக்கு இதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது, இப்போதும் கஷ்டம்தான்.

விட வேண்டியது "தானே". "அவன்தானே?", "அங்கதானே வச்சே?", "வலிச்சுதுல்ல?" இவையெல்லாம் கேள்விக்குறி போட்ட பதில்கள். "எதுக்கு அடிச்சான்?" இன்னும் மோசம், அடித்தது முடிந்துபோன உண்மை என்று வைத்துக்கொண்டு காரணத்தை மட்டும் கேட்கிறது. ஒரே கேள்வியை இரண்டாவது முறை கேட்பதையும் விடுங்கள். "ஆமாவா இல்லையா" என்று திரும்பக் கேட்டால், முதலில் சொன்னது தப்பு போல என்று நினைத்துச் சின்னப் பிள்ளை பதிலை மாற்றிவிடும். வகுப்பில் "நல்லா யோசிச்சுச் சொல்லு" என்று நான் சொன்னபோதெல்லாம் பதில் மாறியிருக்கிறது.

ஆறு வயதுக்குள்: நாம் முன்னால் சொன்ன கதையும் சேரும்

அமெரிக்காவில் மிஷெல் லீக்ட்மன், ஸ்டீபன் சீசி என்ற இருவர் 1995இல் வெளியிட்ட ஆய்வை நான் பெற்றோர் கூட்டத்தில் ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன். மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகள் இருக்கும் பாலர் பள்ளி. அங்கே சாம் ஸ்டோன் என்று ஒருவர் வரப்போகிறார். அவர் வருவதற்கு முன்பே ஒரு பகுதிப் பிள்ளைகளுக்கு வாரா வாரம் அவரைப் பற்றிக் கதை சொன்னார்கள். பொம்மையை இரவல் வாங்கினாராம், மாடிப்படியில் தடுக்கி விழுந்து உடைத்துவிட்டாராம், எப்போதுமே அப்படித்தானாம். ஒருநாள் சாம் வந்தார், இரண்டு நிமிடம் இருந்தார், வணக்கம் சொல்லிச் சுற்றி வந்தார், போய்விட்டார். எதையும் தொடவில்லை.

அதன்பின் பத்து வாரத்தில் நான்கு தடவை பிள்ளைகளிடம் பேசினார்கள். சாம் புத்தகத்தைக் கிழித்தது கோபத்திலா, தெரியாமலா என்கிற மாதிரிக் கேள்விகள். கடைசியில் புதிதாக ஒருவர் வந்து, நடந்ததைச் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டார். முன்கதையும் கேட்டு, இந்தக் கேள்விகளையும் கேட்ட மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளில் 46 சதவீதம் பேர் சாம் புத்தகத்தைக் கிழித்தார், கரடிப் பொம்மையை அழுக்காக்கினார் என்று தாங்களாகவே சொன்னார்கள். குறிப்பிட்டுக் கேட்டபோது அது 72 சதவீதம். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளிடம் இது குறைவாக இருந்தது. முன்கதையும் இல்லாமல், வம்புக் கேள்வியும் இல்லாமல் விட்ட பிள்ளைகள் கிட்டத்தட்ட எதையும் சேர்க்கவில்லை. பிள்ளைகள் பேசிய காணொளியைத் துறையில் ஊறியவர்களுக்கே போட்டுக் காட்டினார்கள். எது நடந்தது, எது நடக்கவில்லை என்று அவர்களாலும் பிரிக்க முடியவில்லை. "என் பிள்ளை முகத்தைப் பார்த்தே கண்டுபிடிச்சிருவேன்" என்று சொல்லும் அம்மாக்களுக்கு இந்தக் கடைசி வரியைத்தான் அழுத்திச் சொல்வேன்.

என் வீட்டுக்கு இதைப் பொருத்திப் பார்த்தேன். கீறலுக்கு முந்தின வாரம்தான் "அந்தப் பையன் கொஞ்சம் முரடன் போல, பாத்து இருந்துக்கோ" என்று நானே மகனிடம் சொல்லியிருந்தேன். முன்கதை தயார். செவ்வாய்க்கிழமை அதில் கேள்வியைச் சேர்த்தேன்.

ஆகவே பிள்ளையின் காதில் படும்படி மற்றப் பிள்ளைக்கோ டீச்சருக்கோ பட்டம் கட்டாதீர்கள். போனில் பேசுவதும் காதில் விழும். கேப்ரியல் பிரின்சிபியும் சீசியும் மற்றவர்களும் சேர்ந்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், மந்திர வித்தை காட்டியவரின் முயல் தப்பித்துப் போய்விட்டது என்று பெரியவர்கள் தமக்குள் பேசுவதைச் சில பிள்ளைகள் கேட்கும்படி செய்தார்கள். முயல் தப்பியதை நேரில் பார்த்த பிள்ளைகள் சொன்ன அளவுக்கே, பேச்சைக் கேட்ட பிள்ளைகளும் சொன்னார்கள். கேட்டவர்களின் வகுப்புத் தோழர்களும் சொன்னார்கள். வகுப்பு அம்மாக்களின் வாட்ஸ்அப் குழுவில் வரும் குரல் செய்தியைப் பிள்ளை பக்கத்திலிருக்கும்போது ஸ்பீக்கரில் போடுவதை நான் விட்டது இதைப் படித்த பிறகுதான்.

பத்து வயதுக்கு மேல்: பிள்ளையின் புத்தியே சேர்க்கும்

வளர வளர இது சரியாகிவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். பாதி சரி. நாம் திணிப்பதை எதிர்க்கும் பலம் வயதோடு கூடுகிறது. ஆனால் இன்னொரு வகை நடக்காத நினைவு வயதோடு கூடிக்கொண்டே போகிறது. சார்லஸ் பிரெய்னர்ட், வேலரி ரெய்னா என்பவர்கள் 2002 முதல் இதைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் காரணம் எளிது. ஒன்றைக் கேட்கும்போது மனம் சொல்லுக்குச் சொல் ஒரு பதிவும், மொத்தத்தின் சாரமாக ஒரு பதிவும் வைக்கிறது. சின்னப் பிள்ளைக்கு, சிதறிக் கிடப்பதைக் கோத்துச் சாரம் எடுக்கும் பழக்கம் இன்னும் வரவில்லை. பெரிய பிள்ளைக்கு வந்துவிட்டது. வந்தபின், சாரத்தோடு பொருந்துவதெல்லாம் நடந்தது போலவே தோன்றும்.

இதை அடுக்களையிலேயே பார்க்கலாம். மகளுக்குப் பதினொன்றரை, மகனுக்கு ஐந்தரை வயதானபோது செய்தேன். பீன்ஸ் நறுக்கிக்கொண்டே மெதுவாக வாசித்தேன்: கட்டில், தலையணை, இரவு, போர்வை, கொட்டாவி, கனவு, தாலாட்டு, பாய், குறட்டை, களைப்பு. ஐந்து நிமிடம் வேறு பேச்சு. பிறகு ஒவ்வொருவரிடமும் தனியாக, இருந்ததா இல்லையா என்று கேட்டேன். போர்வை? மாம்பழம்? தூக்கம்? "தூக்கம்" பட்டியலில் இல்லை. மகள் உறுதியாகச் சொன்னாள்: "இருந்துச்சும்மா, ரெண்டாவதாச் சொன்னியே." மகன் உதட்டைப் பிதுக்கி, "அது சொல்லல" என்றான்.

அடுத்த வாரம் மகனுக்கு மட்டும் வேறு சொற்களைக் கதையாக்கிச் சொன்னேன். வானம் கறுத்தது, மேகம் திரண்டது. இடி இடித்தது, மின்னல் வெட்டியது. ஆச்சி குடையை விரித்தாள். கொடியில் கிடந்த துணியெல்லாம் நனைந்தது. தெருவெல்லாம் சேறு. குட்டையில் தவளை குதித்தது. பையன் காகிதக் கப்பல் விட்டான். "மழை" என்ற சொல்லை நான் சொல்லவில்லை. கேட்டபோது "மழைன்னு சொன்ன" என்று சத்தியம் பண்ணினான்.

ஒரு வீட்டில் நடந்தது எதையும் நிரூபிக்காது. ஆனால் பிரிட்டனில் ஸ்டீபன் டியூஹர்ஸ்டும் கூட்டாளிகளும் 2007இல் ஐந்து, எட்டு, பதினொரு வயதுப் பிள்ளைகளிடம் இதைத்தான் செய்தார்கள். வெறும் பட்டியலாகக் கேட்டதைவிடக் கதைக்குள் வைத்துக் கேட்டபோது, ஐந்து வயதுப் பிள்ளைகள் சொல்லப்படாத சொல்லை அதிகம் "கேட்டார்கள்". தானாகக் கோக்கத் தெரியாத பிள்ளைக்குக் கதை நூலைக் கொடுத்துவிடுகிறது. நாம் சின்னப் பிள்ளைகளோடு பேசுவது எல்லாமே கதையாகத்தானே இருக்கிறது!

பெரிய பிள்ளையிடம் அதனால் கேள்வி மாற வேண்டும். பத்து வயதுக்கு மேல் "தானே" போட்டு மாட்ட வைப்பது கஷ்டம், அவர்களே வழக்கத்தை வைத்து இட்டு நிரப்புவார்கள். போன வருடம் வகுப்பில் ஒரு சண்டை. எப்போதும் வம்பிழுக்கும் பையன்தான் ஆரம்பித்தான் என்று ஐந்தாம் வகுப்பில் ஆறு பேர் ஒரே குரலில் சொன்னார்கள். அவன் அன்று லீவு என்பது வருகைப் பதிவேட்டைத் திறந்தபோதுதான் தெரிந்தது. ஆறு பேரும் கூட்டுச் சேர்ந்து பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. சண்டை என்றால் அவன் என்ற சாரம் அவர்களுக்குள் இருந்தது.

இப்போது அந்த வயதுப் பிள்ளைகளைச் சேர்த்து வைத்துக் கேட்பதில்லை. தனித்தனியாக, ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாள் கொடுத்து மூன்று கட்டம் போடச் சொல்கிறேன். கண்ணால் பார்த்தது, யாரோ சொன்னது, இப்படித்தான் இருந்திருக்கும் என்று நானே நினைத்தது. எழுதும்போதே பிள்ளைகள் பேனாவை எடுத்து, ஒரு கட்டத்தில் எழுதியதை அடித்து இன்னொன்றில் போடுவதைப் பார்க்க வேண்டும். ஒருத்தி, பார்த்தது என்ற கட்டத்தில் "தள்ளினான்" என்று எழுதி, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்து, அதை அடித்துவிட்டு "அவ கீழ கிடந்தா" என்று எழுதினாள். ஆறு வயதுக்குக் கீழே இந்தக் கட்டம் வேலை செய்யாது, எங்கிருந்து தெரிந்துகொண்டோம் என்பதைப் பிரிக்க அவர்களுக்கு இன்னும் வராது. ஏழு, எட்டு வயது நடுவில் நிற்கிறது. அவர்களிடம் சின்னப் பிள்ளைக்கான எச்சரிக்கையும் பெரிய பிள்ளைக்கான எச்சரிக்கையும் வேண்டும்.

கேட்பதற்கு முன் ஐந்து நிமிடம்

மைக்கேல் லாம் என்பவரும் அவரோடு வேலை செய்தவர்களும் குழந்தைச் சாட்சிகளை விசாரிக்க ஒரு முறையை உருவாக்கி, பல நாடுகளில் அது பயன்படுகிறது. அதன் ஆரம்பப் பகுதி வீட்டுக்கும் அப்படியே பொருந்தும். முதலில், தெரியாது என்று சொல்லப் பழக்குவது. "நம்ம பக்கத்து வீட்டு மாமாவோட அண்ணன் பேரு என்ன?" என்று பிள்ளைக்குத் தெரிய வாய்ப்பே இல்லாததைக் கேளுங்கள். "தெரியாது" என்றால் "சரியாச் சொன்னே" என்று பாராட்டுங்கள். நம் பிள்ளைகளுக்கு இது ரொம்ப அவசியம். பெரியவர்கள் கேட்டால் ஏதாவது பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று நாமே வளர்த்திருக்கிறோம், வகுப்பில் தெரியாது என்றவனை நிற்க வைத்திருக்கிறோம்.

அடுத்து, நான் தப்பாச் சொன்னால் திருத்து என்பது. "உனக்கு ரெண்டு வயசுதானே?" என்று கேளுங்கள். "இல்ல, அஞ்சு!" என்று கத்தட்டும். அதன்பின் சண்டை சச்சரவு இல்லாத ஏதாவது ஒன்றை, நேற்றுப் போன பிறந்தநாள் வீட்டை, முதலிலிருந்து கடைசிவரை சொல்லச் சொல்லுங்கள். சொல்லிப் பழகிய வாய், காயத்தைப் பற்றியும் தானாகச் சொல்லும்.

உங்கள் முகமும் கேள்விதான். ஒரு பதிலுக்குக் கண்ணை விரித்து இன்னொன்றுக்குச் சோர்ந்தால், எது வேண்டும் என்று பிள்ளை புரிந்துகொள்ளும். அமெரிக்காவில் 1998இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பாராட்டு, "மத்தவங்க எல்லாரும் சொல்லிட்டாங்க" என்ற தூண்டல் ஆகியவற்றையும் சேர்த்துக் கேட்டபோது, நடக்காததை நடந்தது என்று சொன்ன பதில்கள் 58 சதவீதம். தூண்டும் கேள்வி மட்டும் கேட்டபோது 17 சதவீதம்.

ஒன்றை மட்டும் இதோடு கலக்காதீர்கள்

இதையெல்லாம் படித்துவிட்டுப் பிள்ளை சொல்வதை நம்பத் தேவையில்லை என்று யாராவது முடிவெடுத்தால் நான் எழுதியதே தப்பாகிவிடும். யாரும் கேட்காமல் பிள்ளை தானாகச் சொன்னதும், "என்ன ஆச்சு?" என்பதற்கு வந்த பதிலும் பெரும்பாலும் நம்பத்தக்கவை. கெடுப்பது நம் கேள்விகள். யாராவது தொடக்கூடாத இடத்தில் தொட்டார்கள் என்பது போன்ற பேச்சு வந்தால், வீட்டில் விசாரணை நடத்தாதீர்கள். "நீ சொன்னது நல்லது" என்று சொல்லி, பிள்ளையின் வார்த்தைகளை அப்படியே எழுதி வைத்து, அன்றே குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கோ காவல் நிலையத்துக்கோ தெரிவியுங்கள். சித்தி, மாமா, ஆச்சி என்று ஒவ்வொருவரும் கூப்பிட்டுக் கேட்க விடாதீர்கள். பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்க 2012இல் வந்த போக்சோ சட்டமே, வழக்கறிஞர்கள் பிள்ளையிடம் நேராகக் கேட்காமல் நீதிமன்றம் வழியாகத்தான் கேட்க வேண்டும் என்றும், பிள்ளையைத் திரும்பத் திரும்பச் சாட்சிக்கு அழைக்கக் கூடாது என்றும் 33ஆம் பிரிவில் சொல்கிறது.

கேட்ட விதம் கெட்டுப்போனால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஒரு வழக்கு உண்டு. பிள்ளைகளிடம் பாலியல் அத்துமீறல் செய்ததாகப் பாலர் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு 1988இல் 47 வருடச் சிறை விதித்தார்கள். 1993இல் மேல்முறையீட்டில் அது ரத்தானது. பிள்ளைகளிடம் கேட்கப்பட்ட கேள்விகளே சாட்சியத்தைக் கெடுத்திருக்கலாம் என்று மாநில உச்ச நீதிமன்றமும் 1994இல் சொன்னது. அதற்குள் அவர் ஐந்து வருடம் உள்ளே இருந்துவிட்டார். கேள்வி கெட்டுப்போனால் நிரபராதி உள்ளே போகலாம், நிஜமாகவே நடந்த பிள்ளையின் சொல்லும் கோர்ட்டில் நிற்காமல் போகலாம்.

ஏற்கெனவே விதைத்துவிட்டால்

ஆயா சொன்ன மறுநாள் பள்ளிக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். சாயங்காலம் அந்தப் பையன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா கதவைத் திறந்து, உள்ளே கூப்பிடாமல் நின்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். "நாங்க அவன அடிச்சிட்டோம்க்கா" என்றார் அவர். திரும்பி வரும் வழி முழுக்க அந்த வாக்கியம்தான்.

மகனிடம் "ஏன் பொய் சொன்னே?" என்று கேட்கவில்லை. அது இன்னொரு முன்கதையாகிவிடும். "அம்மா தப்பாக் கேட்டுட்டேன். யாருன்னு கேட்டதுனாலதான் நீ ஒரு ஆளச் சொன்னே. ஆயா கதவுக் கம்பின்னு சொல்றாங்க" என்றேன். தப்பு என்னுடையது என்று தெரிந்ததும் பிள்ளைக்குக் காப்பாற்றிக்கொள்ள எதுவும் இல்லை. "சரி" என்று விளையாடப் போய்விட்டான். வீட்டில் மற்றவர்களிடமும், இனி அந்தக் கதையை அவனைச் சொல்ல வைக்காதீர்கள் என்றேன். சொல்லச் சொல்லத்தான் அது இறுகும்.

இப்போது அவனுக்குப் பதிமூன்றரை வயது. முன்கையில் அந்தத் தழும்பு நூல் மாதிரி இருக்கிறது. இரண்டு பையன்களும் ஒரே கிரிக்கெட் அணியில் ஆடுகிறார்கள். இதை எழுதுவதற்காகப் போன வாரம் அவனிடம் "என்ன ஆச்சு?" என்று மட்டும் கேட்டேன். தழும்பைத் தடவிப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "கம்பிதாம்மா கீறுச்சு, எனக்குத் தெரியும். ஆனா கண்ண மூடினா அவன் நகம்தான் தெரியுது."